ஊட்டியில் முதலாண்டு உயிரியல்: பாடத்தில் மலை எங்கே?

குளிர் விடும் நேரத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போனால் சுற்றுலாக் கூட்டத்துக்குள் இன்னொரு கூட்டத்தைப் பார்க்கலாம். அவர்களும் செல்ஃபி எடுப்பார்கள், வர்க்கி வாங்குவார்கள். ஆனால் யாராவது ஒருவர் கக்கத்தில் பழைய செய்தித்தாள் கட்டு இருக்கும். பறித்த செடியை நடுவில் வைத்து அழுத்திக் காயவைக்க. திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்கள். 'பாட்டனி டூர்' வந்தவர்கள். பேராசிரியர் பூங்காவுக்குள் அராகேரியாவையும் ஜின்கோவையும் காட்டி முடித்ததும் வெளியே சாலையோர ஈரச் சுவருக்குக் கூட்டிப்போவார். அங்கேதான் அவர்கள் வந்த காரியம் இருக்கிறது: மார்கான்ஷியா, ஃபூனேரியா, லைகோபோடியம், செலாஜினெல்லா. கீழே கல்லூரி அலமாரியில் ஃபார்மலின் பாட்டிலுக்குள் வெளுத்துக் கிடப்பது இங்கே சுவரில் பச்சையாக முளைத்து நிற்கிறது.

கீழிருப்பவர்களுக்கு ஊட்டியே பாடம். சரி, ஊட்டியிலேயே இருக்கிற பிள்ளைகளுக்கு?

உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரி 1955-ல் தொடங்கியது. ஜான் சல்லிவன் 1820-களில் கட்டிய கல் பங்களா இருக்கும் குன்றில்தான் கல்லூரியும் இருக்கிறது. குன்னூரில் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி, கூடலூரில் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரி. எல்லாம் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ். ஆகவே திருப்பூரில் உட்கார்ந்து உயிரியல் படிக்கும் மாணவி எதை எழுதுகிறாளோ, அதையேதான் கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து வரும் மாணவியும் எழுத வேண்டும். பாடத்திட்டம் பொதுவாக இருப்பதில் தவறில்லை. ஆனால் உதாரணங்களும் பொதுவாகவே இருக்க வேண்டுமா? இந்த மலையில் கண்டுபிடிக்கப்பட்டவை உலகப் பாடநூல்களுக்குப் போய்விட்டு, ஊர் பெயர் இல்லாமல் இங்கே திரும்பி வருகின்றன. அதுதான் வேடிக்கை. நான் புரட்டிய முதலாண்டு நோட்ஸ்களில் நீலகிரி என்ற சொல், சுற்றுச்சூழல் பாடத்தில் 'உயிர்க்கோளக் காப்பகம், 1986, இந்தியாவின் முதலாவது' என்ற இரண்டு மதிப்பெண் பதிலில்தான் இருந்தது.

வெங்காய வேரும் கட்டை விரலும்

முதலாண்டில் என்ன படிக்கிறார்கள்? தாவரவியல் எடுத்தவர்களுக்குப் பாசி, பூஞ்சை, லைக்கன், பிரையோஃபைட்டுகள், பிறகு பெரணிகளும் ஜிம்னோஸ்பெர்ம்களும். விலங்கியலில் ஒரு செல் உயிரியில் ஆரம்பித்து நட்சத்திர மீன் வரை முதுகெலும்பற்றவை, அடுத்து முதுகெலும்புள்ளவை. இரு தரப்புக்கும் செல் உயிரியல், கொஞ்சம் மரபியல். கூடவே துணைப் பாடமாகப் பெரும்பாலும் வேதியியல், பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், உச்ச நீதிமன்ற உத்தரவால் எல்லாப் பட்டப் படிப்புக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் கல்வி. இவ்வளவுக்கும் மேல் ரெக்கார்டு நோட்டு. பென்சிலைச் சீவிச் சீவி இரவில் படம் வரைந்து, மறுநாள் கையெழுத்துக்கு வரிசையில் நிற்பது.

ஆய்வகத்தில் ஒரு மாணவனுக்கு முதன்முதலாக ஏதோ நடப்பது வெங்காய வேர் நுனியில்தான். பாட்டில் வாயில் வெங்காயத்தை உட்காரவைத்து அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி விட வேண்டும். சமவெளியில் இரண்டு மூன்று நாளில் வேர் தொங்கும். ஊட்டிக் குளிரில் வெங்காயம் அவசரப்படாது. பரீட்சை தேதியை மனதில் வைத்து முன்கூட்டியே தண்ணீரில் வைக்க வேண்டும். வேர் நுனியை வெட்டி, அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்ததில் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடு காட்டி, அசிட்டோகார்மைன் சொட்டு விட்டு, கவர் ஸ்லிப் மூடி, மேலே ஒற்றுத்தாள் வைத்துக் கட்டை விரலால் ஒரே அழுத்து. விரல் நகர்ந்தால் போச்சு; செல்கள் சுருண்டு மசியாகிவிடும். 'மேடம், ஒண்ணுமே தெரியலை' என்ற குரல் எல்லா மேசையிலும் எழும். பிறகு யாரோ ஒருவருக்குக் குரோமோசோம்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து போகும் காட்சி அகப்படும். வகுப்பே அந்த ஒரு மைக்ராஸ்கோப்பைச் சுற்றி முண்டியடிக்கும்.

பழைய தலைமுறை சொல்லிச் சொல்லிச் சிரித்த தவளை அறுவை இப்போது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதற்குத் தடை விதித்துவிட்டது. அந்த இடத்தில் சார்ட்டும் மாடலும் கணினிப் படமும் வந்திருக்கின்றன. என்னைக் கேட்டால் தடை சரி. வந்து உட்கார்ந்த மாற்றுதான் சரியில்லை. உயிரோடு இருப்பதைப் போய்ப் பார்ப்பதுதான் அறுப்பதற்கு மாற்று. ஊட்டி வீடுகளின் வேலிச் செடியிலேயே சலியா ஹார்ஸ்ஃபீல்டி என்ற பச்சை ஓணான் உட்கார்ந்திருக்கும். நீலகிரி, பழனி மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்கு ஃபார்மலின் தேவையில்லை.

ஒரே ஒரு எழுத்து

மரபியல் முதல் பாடத்தில் கட்டாயம் வருவது அரிவாள் செல் சோகை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6-வது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அங்கே வேலின் வந்து உட்காருகிறது. ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. 1949-ல் லைனஸ் பாலிங் இதை மூலக்கூறு நோய் என்றார். அந்த ஓர் அமினோ அமில மாற்றத்தை வெர்னான் இங்கிராம் 1950-களில் கண்டுபிடித்தார். நோட்ஸில் இதெல்லாம் இருக்கும். உதாரணம் ஆப்பிரிக்கா என்று இருக்கும்.

இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் தெரியவந்த இடம் நீலகிரி. 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மலைப் பழங்குடியினரின் ரத்தத்தைப் பரிசோதித்துத் தென்னிந்தியாவில் அரிவாள் செல் பண்பு இருப்பதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் வேறு இருவர் கண்டார்கள். அதுவரை இது ஆப்பிரிக்காவோடு சேர்ந்த விஷயம் என்றுதான் பெரிதும் நினைத்திருந்தார்கள்.

இந்த மரபணு ஏன் இங்கே தங்கியது என்பதற்கான பதிலும் பக்கத்திலேயே இருக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. கூடலூர், வயநாட்டுக் காடுகள் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் உடலில் இயற்கைத் தேர்வு ஒரு விலை பேசி ஒரு காப்பைக் கொடுத்திருக்கிறது. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் பாதையில் நடுவட்டம் வருகிறது. 1860-களில் வெள்ளைக்காரன் மலேரியாவுக்கு மருந்து தேடிச் சின்கோனா பயிரிட்ட ஊர். ஊட்டி பூங்காவை 1848 முதல் உருவாக்கிய மெக்ஐவர்தான் அந்தத் தோட்டத்துக்கும் பொறுப்பு. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் கீற்றாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடி வைத்தார். மறுபடி வளர்ந்த பட்டையில் குயினைன் கூடுதலாகவே கிடைத்தது. உரிக்கும்போது கேம்பியம் சேதமாகாமல் இருந்தால்தான் இது நடக்கும். கேம்பியம் என்றால் என்ன என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இந்தப் பாடத்தை ஊட்டியிலோ கூடலூரிலோ நடத்தும் ஆசிரியருக்குத் திருப்பூர் ஆசிரியருக்கு இல்லாத ஒரு பொறுப்பு உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் இந்த மரபணுவைச் சுமப்பவர் இருக்கலாம். வீட்டில் அண்ணனுக்கோ தங்கைக்கோ எலும்பு வலி வந்து ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி கழித்தவராக இருக்கலாம். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாகச் சொல்கிறது. கையில் ஓர் அட்டையும் வருகிறது. அந்த அட்டையைப் பார்த்துப் பெற்றோருக்கு விளக்கக்கூடியவர் யார்? முதலாண்டில் மெண்டல் பாடத்தில் பன்னெட் சதுரத்தை ஒழுங்காகப் போட்டுப் படித்த பிள்ளைதான். இருவரும் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. 'முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது' என்று அர்த்தமில்லை. பட்டாணிச் செடியில் இந்தப் பிழை செய்தால் ஒரு மதிப்பெண் போகும். வீட்டில் செய்தால் அப்படியில்லை.

கோதுமைத் துரு ஒளிந்துகொள்ளும் இடம்

பூஞ்சைப் பாடத்தில் பக்சீனியா கிராமினிஸைத் தவிர்த்து யாரும் பி.எஸ்சி. முடித்ததில்லை. கோதுமையின் கருந்துரு நோய். ஐந்து வகை ஸ்போர்கள், இரண்டு ஓம்புயிரிகள், பாதி வாழ்க்கை கோதுமையில், மீதி பெர்பெரிஸ் புதரில். மாணவர்கள் பெருமூச்சு விட்டு உருப்போடும் வாழ்க்கைச் சுழற்சி இது. 'நம்ம ஊர்ல கோதுமையே இல்லையே சார்' என்ற நியாயமான முனகலும் கேட்கும்.

இருக்கிறது. ஆக்ரா கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் கே.சி. மேத்தா பல ஆண்டுகள் அலைந்து ஒரு கேள்விக்கு விடை தேடினார். வட இந்திய, மத்திய இந்திய வெயிலில் அறுவடைக்குப் பிறகு துருவின் ஸ்போர்கள் செத்துப்போகின்றன. அப்படியானால் அடுத்த ஆண்டு பயிருக்கு நோய் எங்கிருந்து வருகிறது? மலைகளில் கோடையிலும் கோதுமை நிற்கிறது. குளிரில் துரு பிழைத்துக் கிடக்கிறது. அங்கிருந்து கீழே வருகிறது என்றார் மேத்தா. தெற்கில் அவர் காட்டிய மலைகள் நீலகிரியும் பழனியும். பின்னால் வந்தவர்கள், வங்கக் கடல் புயல்களோடு வரும் காற்றும் மழையும் நீலகிரி ஸ்போர்களை மத்திய இந்தியா வரை கொண்டுபோய் இறக்கும் வழியைத் தேடிப் பிடித்தார்கள். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருப்பது இதற்காகத்தான். புதிய கோதுமை ரகம் துருவைத் தாங்குமா என்று பார்க்க, துரு குறையாத இந்த மலையைவிட நல்ல இடம் ஏது?

பெர்பெரிஸ் புதரும் நீலகிரியில் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் துருவின் சுழற்சியில் அதற்கு வேலையில்லை என்பதுதான் மேத்தாவின் முடிவு. ஆக, ஐரோப்பியப் புத்தகத்திலிருந்து வந்த படத்தை வரைந்து முழு மதிப்பெண் வாங்கும் குன்னூர் மாணவனுக்கு, பாதிப் படம் தன் ஊரில் நடப்பதில்லை என்பதும், மீதிப் பாதிக்குத் தன் ஊர்தான் தலைமையிடம் என்பதும் தெரியாமலேயே போகிறது. இதற்கு யாரைக் குறை சொல்வது? மேத்தாவும் ஒரு கல்லூரி வாத்தியார்தான்.

குன்னூர் எலிகள்

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக ஆரம்பித்தது. இன்றைக்கும் ஊர்க்காரர்களுக்கு அது 'ஊசி மருந்து தயாரிக்கும் இடம்'. ஆனால் 1918-ல் அங்கே ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வு வேறு. அரிசி தின்னும் மக்களை வாட்டிய பெரிபெரி பற்றியது. பிறகு அவர் இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி என்று பஞ்சாப் பக்கத்துச் சாப்பாடு கிடைத்த எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணச் சாப்பாட்டு எலிகள் சோடை. நமக்குக் கொஞ்சம் சங்கடமான முடிவுதான். அந்த ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

1929-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் சில மாதங்கள் குன்னூரில் தங்கினார். பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை ரத்தசோகைக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்கள் சாப்பிட்டதையே எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தால் தடுக்க முடிந்தது. பிற்பாடு ஒரு சிக்கல்: எலிகளுக்குப் பேன் தொற்று இருந்திருக்கிறது, சோகைக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். குரங்குகளில் மறுபடி செய்து பார்க்க வேண்டி வந்தது. கடைசியில் ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்து நோயைக் குணமாக்கியதை 1931-ல் வெளியிட்டார். ஈஸ்டுக்குள் இருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் பாதிக் கதை இது.

'கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன' என்ற முதல் அத்தியாயக் கேள்விக்கு நோட்ஸில் மூன்று வரி பதில் இருக்கிறது. பேன் பிடித்த குன்னூர் எலி அதை ஒரே வீச்சில் புரியவைத்துவிடும்.

கிழங்கும் கொழுந்தும்

விலங்கியலில் நூற்புழுக்கள் என்றால் அஸ்காரிஸ். ஊட்டி விவசாயிக்கு நூற்புழு என்றால் உருளைக்கிழங்கு. தங்க நிற முட்டைக்கூடு நூற்புழுவை இந்தியாவில் முதன்முதலில் கண்டது 1961-ல், இங்கேதான். வேரில் குண்டூசித் தலை அளவில் ஒட்டியிருக்கும் மஞ்சள் உருண்டை உண்மையில் பெண் புழு; செத்ததும் அதன் உடலே முட்டைக்கூடு. உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள், பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். நிலத்தை விட்டுவைத்துப் பயனில்லை என்று ஊட்டிக்காரர்கள் பட்டு அறிந்த பாடம். முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பஸ் தூரத்தில் இருக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலை இன்னும் பக்கம். நொதிகள் பற்றிய அத்தியாயம் அங்கே முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. பறித்த கொழுந்தின் செல்லில் கேட்டச்சின் ஒரு பக்கம், பாலிஃபினால் ஆக்சிடேஸ் என்ற நொதி இன்னொரு பக்கம். வாடவைத்த இலையை உருளைகள் நசுக்கும்போது தடுப்பு உடைந்து இரண்டும் காற்றோடு சேர்கின்றன. பச்சை செம்பு நிறமாகிறது. டிரையரில் சூடு ஏறியதும் நொதி செயலிழந்து நிறம் அங்கேயே நிற்கிறது. முதலிலேயே ஆவி காட்டி நொதியைக் கொன்றுவிட்டால் அதே இலை கிரீன் டீ. எஸ்டேட் லயினில் வளர்ந்த பிள்ளைக்கு இது மனப்பாடம் செய்யும் விஷயமே அல்ல. அம்மா பறித்துப் போட்ட இலைக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதான். ஆனால் தேர்வில் அவளிடம் கேட்கப்படுவது எச்சில் அமிலேஸ்.

புல் என்பது காலியிடம் அல்ல

சூழலியலில் 'வழிமுறை வளர்ச்சி' என்றொரு படம் உண்டு. வெற்றுப் பாறை, லைக்கன், பாசி, புல், புதர், கடைசியில் காடு. இந்தப் படத்தை நம்பினால் அவலாஞ்சிப் பக்கத்துப் புல்வெளி, காடாகாமல் பாதியில் நின்றுபோன இடம் என்றாகும். வெள்ளைக்காரனும் அப்படித்தான் நினைத்து யூகலிப்டஸையும் சீகை மரத்தையும் நட்டான். நாமும் சுதந்திரத்துக்குப் பிறகு தொடர்ந்தோம். ஆனால் உறைபனி இரவுகளில் மேட்டுப் புல்வெளியில் சோலை மரக்கன்று கருகிவிடும்; சோலை மரம் பள்ளத்தில்தான் தாக்குப்பிடிக்கும். 1993-ல் ரா. சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணில் படிந்த கார்பனை அளந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். சி3 தாவரமும் சி4 புல்லும் கார்பன் ஐசோடோப்பில் வெவ்வேறு அடையாளம் விடுகின்றன. அதை வைத்து சுமார் 20,000 ஆண்டுகளில் மழை கூடிய காலமும் வறண்ட காலமும் மாறி மாறி வந்ததைப் படித்தார்கள். புல் அப்போதே இங்கே இருந்தது. ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் சி3, சி4 வேறுபாட்டை அட்டவணை போட்டு எழுதும் மாணவர்களில் எத்தனை பேருக்கு, அந்த அட்டவணையை வைத்துத் தங்கள் மலையின் பழைய தட்பவெப்பத்தை வாசித்திருக்கிறார்கள் என்று தெரியும்?

இனம் தோன்றுவதைப் பற்றிய பாடத்துக்கு டார்வினின் காலபாகஸ் குருவிகளே போதும் என்று விட்டுவிடுகிறோம். நீலகிரிச் சோலைக்குள் கீழே தத்தித் திரியும் நீல நிறச் சோலைக்கிளி ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனிப் பக்கம் அதன் உறவுக்காரப் பறவை. நடுவே 30 கி.மீ.க்கு மேல் வெக்கையான தாழ்நிலம். குளிர்ப் பறவைக்கு அது கடல்தான். மரபணுவைப் பார்த்து இவற்றுக்குத் தனிப் பேரினமே தேவை என்று 2017-ல் முடிவு செய்து, சோலை என்ற நம் சொல்லையே வைத்து ஷோலிகோலா என்று பெயரிட்டார்கள்.

கேட்பது பெரிதல்ல

பாடத்திட்டத்தைத் தலைகீழாக்கச் சொல்லவில்லை. இங்கே படித்தவர்கள் நாளை கோவையிலோ சென்னையிலோ முதுநிலைக்குப் போக வேண்டும், டி.என்.பி.எஸ்.சி. எழுத வேண்டும், பொதுப் பாடம் வேண்டும்தான். நீட் எழுதி இடம் கிடைக்காத வருத்தத்தோடு வந்து சேர்கிறவர்களும் வகுப்பில் உண்டு. மூன்று வருடமும் 'வேறு வழியில்லாமல் வந்தேன்' என்றே இருந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களைப் பிடித்து உட்காரவைக்கக் காலபாகஸால் முடியாது. முத்தோரை வயலில் தன் சித்தப்பா கிழங்குச் செடி வேரில் பார்த்த மஞ்சள் உருண்டையால் முடியலாம்.

ஆகவே பாரதியார் பல்கலைக்கழகத் தாவரவியல், விலங்கியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது முதலாண்டு ரெக்கார்டு நோட்டில் ஐந்து செய்முறைகளை அந்தந்த மாவட்டக் கல்லூரியே தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள்; அவற்றுக்கும் அகமதிப்பீட்டு மதிப்பெண் கொடுங்கள். நீலகிரிக்கு ஐந்து எவை என்று நான் சொல்லவேண்டியதில்லை, ஆசிரியர்களுக்கே தெரியும். வெலிங்டன் கோதுமை நிலையமும் முத்தோரை நிலையமும் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு நாள் முதலாண்டு மாணவர்களுக்குக் கதவைத் திறக்கட்டும். கல்லூரியிலிருந்து மூன்று இடத்துக்கும் அரசு பஸ்ஸிலேயே போய்வரலாம்.